அறுபதாண்டுச் சக்கரம்: சீன வருஷப் பெயர்களை அறியும் முறை

சீன தேசத்துச் சரித்திரத்தையோ சித்திரங்களையோ கல்வெட்டுக்களையோ கற்கப் புகும் தமிழ் வாசகர், மொழி தெரியாமையால் இடறுவதற்கு முன்பே ஆண்டுக் கணக்குத் தெரியாமையால் இடறி நிற்பதுண்டு. 'ஷின்ஹாய் புரட்சி' என்றும் 'கெங்ட்ஸு நஷ்டஈடு' என்றும் நூல்கள் பேசும்போது, அவை மனிதர் பெயரோ ஊர்ப் பெயரோ என்று மயங்குவார் பலர். அவை வருஷங்களின் நாமங்களே. பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது சம்வத்ஸரங்களின் பெயரைப் பஞ்சாங்கத்தில் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்வேற்பாடு அந்நியமானதன்று. ஆயினும் நம்முடைய அறுபதும் அறுபது தனிச் சொற்களாய், நெட்டுருப் போட்டாலன்றி வசப்படாதவையாய் இருக்க, சீனருடைய அறுபதோ இருபத்திரண்டே எழுத்துக்களிலிருந்து கணித ஒழுங்குடன் பிறப்பவை. ஆதலால் அவற்றை மனப்பாடம் செய்யாமலே கணக்கிட்டுக் காணலாம். ஆண்டெண்ணைக் கொண்டு பெயரையும், பெயரைக் கொண்டு ஆண்டெண்ணையும் ஒரு துண்டுத் தாளின் உதவியோடு காணும் வழிகளையும், அவ்வழிகள் எவ்விடத்தில் நம்மை ஏமாற்றக்கூடும் என்பதையும் இவ்வத்தியாயம் விளக்கும்.

இருபத்திரண்டு எழுத்துக்கள்

சீன வருஷப் பெயர் ஒவ்வொன்றும் இரண்டு எழுத்துக்களால் ஆனது. முதலெழுத்து 'வானத் தண்டு' எனப்படும் பத்தில் ஒன்று. இரண்டாமெழுத்து 'பூமிக் கிளை' எனப்படும் பன்னிரண்டில் ஒன்று. தண்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒரு பூதத்தைக் குறிக்கும். ஒற்றைப்படையில் நிற்பது 'யாங்' என்னும் ஆண் தன்மையும், இரட்டைப்படையில் நிற்பது 'யின்' என்னும் பெண் தன்மையும் உடையதாகக் கொள்ளப்படும்.

தண்டுகள் பத்து:
1. ஜியா, 2. யி: மரம்
3. பிங், 4. டிங்: நெருப்பு
5. வூ, 6. ஜி: மண்
7. கெங், 8. ஷின்: உலோகம்
9. ரென், 10. குவெய்: நீர்

கிளைகள் பன்னிரண்டு, அவற்றுக்குரிய பிராணிகளுடன்:
1. ட்ஸு: எலி
2. சோ: எருது
3. யின்: புலி
4. மாவ்: முயல்
5. சென்: டிராகன்
6. ஸு: பாம்பு
7. வூ: குதிரை
8. வெய்: ஆடு
9. ஷென்: குரங்கு
10. யோ: சேவல்
11. ஷூ: நாய்
12. ஹாய்: பன்றி

இப்பட்டியலைப் பயன்படுத்துமுன் மூன்று எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, இங்கே கூறப்படும் பூதங்கள் நம் பஞ்சபூதங்கள் அல்ல. காற்றும் ஆகாயமும் இவற்றில் இல்லை, மரமும் உலோகமும் உண்டு. இரண்டாவது, ஐந்தாம் தண்டும் ஏழாம் கிளையும் தமிழெழுத்தில் ஒன்றாகவே 'வூ' என்று வரினும், சீனத்தில் அவை வேறு எழுத்துக்கள், ஒலியின் ஏற்ற இறக்கமும் வேறு. பெயரில் முதலில் நிற்பது தண்டு, பின்னர் நிற்பது கிளை என்ற விதியைக் கொண்டே நாம் அவற்றைப் பிரித்தறிய வேண்டும். 1978ஆம் ஆண்டின் பெயர் 'வூவூ' என்பதை நினைவிற் கொண்டால் இவ்விதி மறவாது. மூன்றாவது, பிராணிகள் தேசத்துக்குத் தேசம் சிறிது மாறும். வியட்நாமியர் முயலின் ஸ்தானத்தில் பூனையையும், எருதின் ஸ்தானத்தில் எருமையையும் வைத்திருக்கின்றனர். ஆகவே பிராணியின் பெயரைக் காட்டிலும் கிளையின் பெயரையே ஆதாரமாகக் கொள்வது உத்தமம்.

சக்கரத்தின் பிறப்பு

இவ்விருபத்திரண்டு எழுத்துக்களும் முதன்முதல் ஆண்டுகளை எண்ணுவதற்காகத் தோன்றியவை அல்ல; நாட்களை எண்ணுவதற்காகத் தோன்றியவை. ஹெனான் மாகாணத்து அன்யாங் நகரருகே, ஷாங் வமிசத்தாரின் தலைநகர் இருந்த இடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஆருட எலும்புகளில், கி.மு. 13ஆம் நூற்றாண்டளவிலேயே, இன்ன நாளில் இன்ன வினா கேட்கப்பட்டது என்பதை இந்த அறுபது பெயர்களாலேயே குறித்திருக்கின்றனர்; அறுபது பெயர்களையும் வரிசையாகப் பொறித்த எலும்புகளும் அங்கே கிடைத்துள்ளன. அவ்வமிசத்து அரசர்களின் பெயர்களிலும் (வூ டிங், டி ஷின் என்பன போல) பத்துத் தண்டுகளில் ஒன்று இடம்பெற்றிருப்பதைக் காணலாம்.

ஆண்டுகளுக்கு இப்பெயர்களை இடும் வழக்கம் வியாழக் கிரகத்தின் சஞ்சாரத்தோடு சம்பந்தப்பட்டது. வியாழன் ராசி மண்டலத்தை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறை சுற்றி வருவதைக் கண்ட பண்டைச் சீன வானநூலார், விசும்பைப் பன்னிரண்டு பகுதிகளாக்கி, வியாழன் நிற்கும் பகுதியைக் கொண்டு ஆண்டைக் குறித்தனர். ஆனால் அக்கிரகத்தின் உண்மையான சுற்றுக்காலம் 11.86 ஆண்டுகளே யாதலால், எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கொருமுறை அது கணக்கை மீறி ஒரு பகுதி முன்னே போய்விடும். இத்தொல்லைக்குப் பரிகாரமாகக் கிழக்கு ஹான் வமிசத்தார் காலத்தில் வியாழனைக் கைவிட்டு, கிரகம் எங்கே நின்றாலும் பெயர்கள் மட்டும் இடையறாது வரிசையாக வருமாறு வழக்கத்தை நிலைநிறுத்தினர். அன்று முதல் இன்றளவும் அவ்வரிசையில் ஓர் ஆண்டும் விடுபடவில்லை. நம் நாட்டிலும் இதே பிரச்சினை எழுந்ததையும், வடநாட்டார் வியாழனைப் பின்பற்றி அவ்வப்போது ஒரு சம்வத்ஸரத்தைத் தள்ளிவிட, தென்னாட்டார் தள்ளாமல் வரிசையாகவே எண்ணி வருவதையும் ஜோதிட சாஸ்திரம் பயின்றவர் அறிவர். அவ்வகையில் சீனரும் தென்னாட்டாரும் ஒரே முடிவுக்கு வந்தவர்கள்.

ஏன் அறுபது?

பத்தும் பன்னிரண்டும் பெருக்கினால் நூற்றிருபது ஆகுமே, அறுபது எவ்வாறு வந்தது என்று கேட்கலாம். தண்டும் கிளையும் ஆண்டுதோறும் ஒவ்வோரடி ஒருங்கே முன்னேறுகின்றன. முதலாண்டு முதல் தண்டும் முதற் கிளையும் சேர்ந்து ஜியாட்ஸு ஆகும், மறு ஆண்டு யிசோ, பத்தாமாண்டு குவெய்யோ. பதினோராமாண்டில் தண்டுகள் தீர்ந்து ஜியா மீண்டும் வர, கிளையோ பதினொன்றாவதான ஷூவில் நிற்கும். அவ்வாண்டு ஜியாஷூ எனப்படும். இவ்வாறே செல்லுமிடத்து, பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பொதுவான மிகச்சிறிய மடங்காகிய அறுபதாம் ஆண்டு, குவெய்ஹாய் என்ற பெயருடன் சக்கரம் முடிந்து, அறுபத்தோராம் ஆண்டு ஜியாட்ஸு திரும்பும்.

இதனின்றும் பயனுள்ள ஒரு விதி கிடைக்கிறது. ஒற்றைப்படைத் தண்டு ஒற்றைப்படைக் கிளையோடும், இரட்டைப்படைத் தண்டு இரட்டைப்படைக் கிளையோடும் மட்டுமே கூடும். 'ஜியாசோ' என்றொரு வருஷம் இருந்ததுமில்லை, இருக்கப் போவதுமில்லை. எந்த நூலிலேனும் அத்தகையதை ஓர் ஆண்டின் பெயராகக் காண்பீராயின், அஃது அச்சுப் பிழை என்றோ படித்தவரின் பிழை என்றோ உடனே துணியலாம்.

முதல் முறை: ஆண்டெண்ணிலிருந்து பெயர்

ஆண்டெண்ணின் கடைசி இலக்கமே தண்டைக் காட்டிவிடும். கடைசி இலக்கம் 4 ஆனால் ஜியா, 5 யி, 6 பிங், 7 டிங், 8 வூ, 9 ஜி, 0 கெங், 1 ஷின், 2 ரென், 3 குவெய். கிளைக்கு ஆண்டெண்ணைப் பன்னிரண்டால் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். மீதி 4 ஆனால் ட்ஸு, 5 சோ, 6 யின், 7 மாவ், 8 சென், 9 ஸு, 10 வூ, 11 வெய், 0 ஷென், 1 யோ, 2 ஷூ, 3 ஹாய்.

2026ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கடைசி இலக்கம் 6. தண்டு பிங், அதாவது நெருப்பு. 2026ஐப் பன்னிரண்டால் வகுக்க மீதி 10. கிளை வூ, அதாவது குதிரை. ஆகவே ஆண்டின் பெயர் பிங்வூ. பேச்சு வழக்கில் நெருப்புக் குதிரை வருஷம். அறுபதில் இஃது எத்தனையாவது என்று அறிய விரும்பினால், ஆண்டெண்ணில் மூன்றைக் கழித்து அறுபதால் வகுத்து மீதியைக் காண்க: 2023ஐ அறுபதால் வகுக்க மீதி 43, எனவே பிங்வூ நாற்பத்து மூன்றாவது. மீதி ஒன்றுமில்லையாயின் அறுபதாவது எனக் கொள்க. இப்போது நடைபெறும் சக்கரம் 1984இல் தொடங்கியது. அதற்கு முந்தியவை 1924இலும் 1864இலும் தொடங்கின.

கிறிஸ்துவுக்கு முற்பட்ட ஆண்டுகளுக்குக் கணக்குச் சிறிது வேறுபடும். ஆண்டெண்ணை அறுபதால் வகுத்து வரும் மீதியை 58இலிருந்து கழிக்க வேண்டும். விடை பூஜ்யமோ அதற்குக் குறைவோ ஆனால் அறுபதைக் கூட்ட வேண்டும். சின் நாட்டரசன் சீனம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தது கி.மு. 221, 221ஐ அறுபதால் வகுக்க மீதி 41, 58இல் 41 போக 17. பதினேழாவது பெயர் கெங்சென்.

வருஷப் பிறப்பு என்னும் வரம்பு

மேற்கூறிய கணக்கு அனைத்தும் ஜனவரி முதல் தேதியில் ஆண்டு பிறப்பதாகக் கொண்டு செய்யப்படுவது. சீனப் புத்தாண்டோ சந்திரனை அனுசரித்து, இக்காலத்தில் ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையே வருவது. ஆகவே அவ்விரு மாதங்களில் நிகழ்ந்த எதனையும் கணக்கிடும்போது, அவ்வாண்டின் புத்தாண்டு நாள் எது என்று பாராமல் பெயரிடுதல் கூடாது. 1984இல் புத்தாண்டு பிப்ரவரி 2. அவ்வாண்டு ஜனவரியில் பிறந்த குழந்தை, சக்கரத்தின் முதலாண்டாகிய ஜியாட்ஸுவில் பிறந்ததன்று. கழிந்து கொண்டிருந்த சக்கரத்தின் கடைசி ஆண்டாகிய குவெய்ஹாயில் பிறந்தது. எலி வருஷத்தவர் என்று தம்மை எண்ணிக்கொண்டிருப்போர் பலர் உண்மையில் பன்றி வருஷத்தவராக இருப்பது இதனாலேயே.

சரித்திரத்திலும் இவ்வரம்பு முக்கியமானது. 1911 அக்டோபர் 10ஆம் தேதி வூசாங் நகரத்துப் படையினர் கிளர்ந்தெழுந்ததில் தொடங்கிய புரட்சி, மஞ்சு வமிசத்துக் குழந்தைச் சக்கரவர்த்தி 1912 பிப்ரவரி 12ஆம் தேதி முடி துறந்ததில் நிறைவுற்றது. ஆங்கிலக் கணக்கில் இரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்த இது, சீனக் கணக்கில் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததாகும். ஏனெனில் 1912இன் புத்தாண்டு பிப்ரவரி 18 அன்றே பிறந்தது. தொடக்கமும் முடிவும் ஒரே ஷின்ஹாய் வருஷத்துக்குள் அடங்கிவிட்டமையால், 'ஷின்ஹாய் புரட்சி' என்ற பெயர் அதற்கு முற்றும் பொருந்துவதாயிற்று.

இன்னுமொரு நுட்பம். பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகிய நான்கையும் இச்சக்கரத்தின் பெயர்களாலேயே எட்டெழுத்தாக எழுதிப் பலன் கூறும் சீன ஜோதிடருள் பெரும்பாலோர், ஆண்டைப் புத்தாண்டு நாளில் தொடங்காமல் 'லிசுன்' என்னும் வசந்தாரம்பத்தில் தொடங்குவர். அது சூரியனைப் பொறுத்தது, பிப்ரவரி 4ஆம் தேதியை ஒட்டி வருவது. 2025இல் புத்தாண்டு ஜனவரி 29, லிசுன் பிப்ரவரி 3. ஆகவே அவ்வாண்டு பிப்ரவரி முதல் தேதியில் பிறந்தவர் ஊரார் கணக்கில் யிஸு வருஷத்துப் பாம்பு. ஜோதிடர் கணக்கில் ஜியாசென் வருஷத்து டிராகன். இரண்டும் வழக்கிலுள்ளவையே, எதனைப் பின்பற்றுகிறோம் என்பதைச் சொல்லிவிடுதல் முறை.

இரண்டாம் முறை: பெயரிலிருந்து ஆண்டெண்

பெயர் தெரிந்து ஆண்டு தெரியாதபோது, தண்டின் எண்ணை ஆறால் பெருக்கி, அதிலிருந்து கிளையின் எண்ணை ஐந்தால் பெருக்கி வந்ததைக் கழிக்கவும். விடை பூஜ்யமோ அதற்குக் குறைவோ ஆனால் அறுபதைக் கூட்டவும். கிடைப்பது சக்கரத்தில் அப்பெயரின் வரிசை எண். அவ்வெண்ணை 1983உடன் கூட்டினால் நடப்புச் சக்கரத்து ஆண்டும், 1923உடன் கூட்டினால் அதற்கு முந்தியதும், 1863உடன் கூட்டினால் அதற்கும் முந்தியதும் கிடைக்கும். இன்னும் பின்னோக்கிச் செல்ல அறுபது அறுபதாகக் கழித்துக்கொண்டே போகலாம்.

'கெங்ட்ஸு நஷ்டஈடு' என்பதைச் சோதிப்போம். கெங் ஏழாம் தண்டு: ஆறேழ் நாற்பத்திரண்டு. ட்ஸு முதற் கிளை: ஐந்து. நாற்பத்திரண்டில் ஐந்து போக முப்பத்தேழு. 1863உடன் 37 கூட்ட 1900. அவ்வாண்டில் நிகழ்ந்த பாக்ஸர் கலகத்தை முன்னிட்டு, மறு ஆண்டு அந்நிய வல்லரசுகள் சீனத்தின் மேல் சுமத்திய நாற்பத்தைந்து கோடி டேல் வெள்ளியே அந்த நஷ்டஈடு. உடன்படிக்கை கையெழுத்தானது 1901இல். ஆயினும் தண்டத்தின் பெயரில் நிலைத்தது கலகம் நடந்த ஆண்டே. இவ்வாறு, நிகழ்ச்சியின் பெயரிலுள்ள வருஷம் அந்நிகழ்ச்சியின் எப்பகுதியைச் சேர்ந்தது என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி நிகழ்ச்சிகள் பல இவ்வாறே பெயர் பெற்றவை. ஜப்பானுடன் 1894இல் மூண்ட யுத்தம் ஜியாவூ யுத்தம். 1898இல் குவாங்ஷு சக்கரவர்த்தி தொடங்கி நூறு நாட்களில் முறிந்துபோன சீர்திருத்தம் வூஷூ சீர்திருத்தம். இம்முறை சீனத்தின் எல்லையோடு நின்றுவிடவுமில்லை. 1592இல் ஜப்பானியர் கொரியாவின் மேல் படையெடுத்ததைக் கொரியர் 'இம்ஜின்' யுத்தம் என்பர். அது ரென்சென் என்பதன் கொரிய உச்சரிப்பு. 1868இல் ஜப்பானில் நடந்த உள்நாட்டு யுத்தம் 'போஷின்', அது வூசென். ஒஸாகாவுக்கும் கோபேவுக்கும் இடையிலுள்ள புகழ்பெற்ற பேஸ்பால் மைதானம் 'கோஷியென்' எனப் பெயர் பெற்றது, அது திறக்கப்பட்ட 1924 ஜியாட்ஸு வருஷமாக இருந்ததனாலேயே.

இரண்டாம் சாட்சி

இனி இவ்வத்தியாயத்தின் தலையாய செய்திக்கு வருவோம். சுழற்பெயர் தனியே நின்று ஆண்டை நிர்ணயிக்க வல்லதன்று. அறுபது ஆண்டுகளுக்குள் ஓரிடத்தை மட்டுமே அது சுட்டும், எந்த அறுபது என்று சொல்லாது. ஆகவே எப்போதும் இரண்டாவது சாட்சியொன்றைத் தேட வேண்டும். அச்சாட்சி பெரும்பாலும் அரசனுடைய ஆட்சிப் பெயராகவோ, எழுதியவரின் ஆயுட்காலமாகவோ அமையும்.

ஆயுட்காலம் சாட்சியாவதற்குச் சிறந்த உதாரணம் ஸு ஷி என்னும் சோங் காலத்துப் பெரும் புலவரின் செம்பாறை உரைப்பா. அது ரென்ஷூ வருஷத்து இலையுதிர் காலத்தில், ஏழாம் மாதத்துப் பௌர்ணமிக்கு மறுநாள் நிகழ்ந்த படகுப் பயணம் என்று தன் தொடக்கத்திலேயே தேதியிட்டுக்கொள்கிறது. அரசன் பெயர் அதில் இல்லை. ரென்ஷூ ஆண்டுகள் 1022, 1082, 1142 என்று வரும். புலவர் வாழ்ந்ததோ 1037 முதல் 1101 வரை. ஆதலால் 1082 என்பது ஐயமின்றிப் பெறப்படும்.

ஆட்சிப் பெயர் சாட்சியாவதற்கு நம் நெஞ்சுக்கு அண்மையான உதாரணம் ஒன்றுண்டு. இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசியப் பொருட்காட்சிசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு, சீன மாலுமித் தலைவர் ஜெங் ஹே கொணர்ந்தது. புத்தபிரானுக்குச் செய்த காணிக்கைகளைச் சீனத்திலும், தேனாவரை நாயனாருக்குச் செய்தவற்றைத் தமிழிலும், இஸ்லாமியப் பெரியாருக்கு உரியவற்றைப் பாரசீகத்திலும் அது கூறுகிறது. அதன் சீனப் பகுதியின் இறுதியில் யொங்லெ ஏழாமாண்டு, ஜிசோ வருஷம், இரண்டாம் மாதம், ஜியாஷூ என்னும் முதல் நாள் என்று தேதி காணப்படும். நம் முறைப்படி சோதித்தால், ஜி ஆறாம் தண்டு, முப்பத்தாறு. சோ இரண்டாம் கிளை, பத்து. கழிக்க வருவது இருபத்தாறு. யொங்லெ முதலாண்டு 1403, எனவே ஏழாமாண்டு 1409. 1409இல் மூன்றைக் கழித்து அறுபதால் வகுக்க மீதியும் இருபத்தாறே. இரண்டு சாட்சிகளும் ஒத்துவிட்டன. கல் தேய்ந்து 'ஏழு' என்ற எழுத்து அழிந்து போயிருந்தாலும், யொங்லெ ஆட்சியின் இருபத்திரண்டு ஆண்டுகளுள் ஜிசோ ஒருமுறையே வருமாதலால், தேதியை மீட்டுவிடலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கும் நாளுக்கும் அதே அறுபது பெயர்கள் வழங்குவதும் இக்கல்லில் தெளிவாகும்: ஜிசோ ஆண்டின் பெயர், ஜியாஷூ நாளின் பெயர். இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

ஆட்சிப் பெயரும் ஒரே ஒருமுறை கைவிட்டுவிடும். காங்ஷி என்னும் ஆட்சிப் பெயர் 1662 முதல் 1722 வரை அறுபத்தோராண்டு நீடித்தது. அதன் முதலாண்டும் கடைசி ஆண்டும் ரென்யின் என்ற ஒரே பெயருடையவை. ஆகவே 'காங்ஷி, ரென்யின்' என்று மட்டும் எழுதியிருக்கும் பீங்கான் பாத்திரமோ ஓவியமோ கிடைத்தால், ஆட்சியின் தொடக்கமா முடிவா என்பதை வேறு குறிகளால் தேற வேண்டும். காங்ஷி சக்கரவர்த்தியின் பேரர் சியென்லொங், பாட்டனாரை விஞ்சி ஆளுதல் தகாதென்று கருதி, 1736 முதல் 1795 வரை ஒரு சக்கரத்தைச் செம்மையாக முடித்துவிட்டுப் பட்டத்தைத் துறந்தார். அவரது ஆட்சியில் அறுபது பெயர்களும் வருகின்றன, ஒன்றும் இருமுறை வருவதில்லை.

ஆட்சிப் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விட்டவர்களும் உண்டு. 1644இல் மிங் வமிசம் வீழ்ந்து மஞ்சுக்கள் ஆளத் தொடங்கியபின், பழைய வமிசத்துக்கே விசுவாசம் பூண்ட ஓவியரும் புலவரும், புதிய அரசரின் ஆட்சிப் பெயரைத் தம் கையால் எழுத மனமின்றிச் சுழற்பெயரை மட்டும் எழுதி வைத்தனர். சக்கரம் எந்த அரசனுக்கும் சொந்தமன்று. அவ்வீழ்ச்சி நிகழ்ந்த ஆண்டு ஜியாஷென். அதன் முந்நூறாம் ஆண்டாகிய 1944உம் ஜியாஷென்னே. எழுத்தாளர் குவோ மோருவோ அவ்வாண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பும் இப்பெயரைத் தாங்கியது. முந்நூறு அறுபதின் மடங்காதலின் பெயர் மாறாது வந்தது. நூற்றாண்டு விழாவானால் பெயர் மாறிவிடும்.

நம் அறுபதும் அவர்கள் அறுபதும்

தமிழ் வாசகருக்கு மட்டும் உரிய ஒரு குறுக்கு வழியும் உண்டு. நம் பிரபவ 1987இல் பிறந்தது. சீனரின் ஜியாட்ஸு 1984இல். எனவே தமிழ் வருஷத்தின் வரிசை எண்ணுடன் மூன்றைக் கூட்டினால் சீனப் பெயரின் வரிசை எண் கிடைக்கும். கூட்டுத்தொகை அறுபதை மிஞ்சினால் அறுபதைக் கழித்துவிட வேண்டும். குரோதி முப்பத்தெட்டாவது, சீனத்தில் நாற்பத்தொன்று, ஜியாசென். பராபவ நாற்பதாவது, சீனத்தில் நாற்பத்து மூன்று, மேலே கண்ட பிங்வூ. சீனப் புத்தாண்டுக்கும் சித்திரை முதல் தேதிக்கும் இடைப்பட்ட வாரங்களில் மட்டும் இது பொருந்தாது.

இவ்விரு சக்கரங்களையும் நேருக்கு நேர் பொருத்தி வைத்தவர்கள் திபெத்தியர். காலசக்கர தந்திரத்தின் வழியே இந்திய அறுபதைப் பெற்றுக்கொண்ட அவர்கள், கி.பி. 1027இல் தொடங்கிய பிரபவ ஆண்டையே தம் முதற் சக்கரத்தின் முதலாண்டாக வைத்து, பூதமும் பிராணியும் கொண்ட சீன முறையாலும் அதை நெருப்பு முயல் என்று அழைத்தனர். சீனக் கணக்கில் அது டிங்மாவ், நான்காவது பெயர். அதனால்தான் திபெத்தியரின் பதினேழாம் சக்கரம் 1984இல் தொடங்காமல், நம்முடையதைப் போலவே 1987இல் தொடங்கிற்று.

வருஷத்தின் பெயரால் துன்பத்தை நினைவுகூரும் வழக்கமும் இரு நாட்டுக்கும் பொதுவானது. 1876இல் மழை பொய்த்துத் தென்னாட்டை வாட்டிய கொடுமையைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லிவந்தனர். ஆசியாவின் பெரும்பகுதியை அவ்வாண்டுகளில் வாட்டிய அவ்வறட்சியே வட சீனத்தில் ஷான்ஷி, ஹெனான் முதலிய மாகாணங்களில் ஒரு கோடி அளவினரை மாய்த்தது என மதிப்பிடுவர். அதனைச் சீனர் 'டிங்வூ' பெரும்பஞ்சம் என்பர். இங்கே ஒரு நுட்பம்: டிங்வூ என்பது ஓர் ஆண்டின் பெயரன்று. நான்காம் தண்டு ஏழாம் கிளையோடு சேராது என்பதை முன்பே கண்டோம். 1877ஆம் ஆண்டாகிய டிங்சோவின் முதலெழுத்தையும், 1878ஆம் ஆண்டாகிய வூயின்னின் முதலெழுத்தையும் சேர்த்துச் செய்த பெயர் அது. சேரக்கூடாத இரண்டு எழுத்துக்கள் சேர்ந்திருந்தால், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் தண்டுகளோ என்று பார்த்துக்கொள்க.

அறுபதாண்டு நிறைந்து பிறந்த வருஷத்தின் பெயர் திரும்புவதைக் கொண்டாடும் வழக்கமும் இவ்வாறே. நாம் சஷ்டியப்த பூர்த்தி செய்வது போல, கொரியர் 'ஹ்வான்கப்' என்றும் ஜப்பானியர் 'கன்ரெகி' என்றும் கொண்டாடுவர்; ஜப்பானில் அன்று முதியவருக்குச் சிவப்பு ஆடை அணிவிப்பார்கள்.

பெயரும் பலனும்

பெயர்களுக்குப் பலன் கூறும் நம்பிக்கை எல்லா நாட்டிலும் உண்டு. கி.பி. 184இல் ஹான் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய மஞ்சள் தலைப்பாகையினர், அவ்வாண்டு புதுச் சக்கரத்தின் தொடக்கமாகிய ஜியாட்ஸுவாக இருந்ததையே தமக்குச் சுபசூசகமாகக் கொண்டு, அரசாங்க அலுவலகங்களின் கதவுகளில் அவ்விரண்டு எழுத்துக்களைச் சுண்ணாம்பால் எழுதி வைத்தனர். கலகம் அடக்கப்பட்டது, எழுத்துக்கள் அவர்களைக் காக்கவில்லை. நம் காலத்துக்கு அண்மையில், பிங்வூ வருஷத்தில் பிறக்கும் பெண்கள் கணவனுக்கு ஆகாதவர் என்ற மூடநம்பிக்கையால், ஜப்பானில் 1965இல் பதினெட்டு இலட்சத்துக்கு மேலிருந்த பிறப்புக்கள் 1966இல் பதின்மூன்றரை இலட்சத்தளவுக்கு வீழ்ந்து, மறு ஆண்டே பத்தொன்பது இலட்சத்தைத் தாண்டின. காலத்தை அளப்பதற்கு ஏற்பட்ட கருவியைக் குழந்தைகளின் தலையெழுத்தாக்கிக்கொண்டதன் விளைவு அது. பெயரின் கணக்கைக் கற்பதற்குப் பலனில் நம்பிக்கை வேண்டியதில்லை.

செயல்முறைச் சுருக்கம்

சுழற்பெயர் ஒன்று கண்ணிற் பட்டால் வாசகர் செய்ய வேண்டியவை இவை. ஒன்று, தண்டும் கிளையும் ஒருங்கே ஒற்றையாகவோ ஒருங்கே இரட்டையாகவோ உள்ளனவா என்று பார்க்கவும். இரண்டு, அஃது ஆண்டின் பெயரா, நாளின் பெயரா என்பதை இடம் நோக்கித் துணியவும். மூன்று, தண்டை ஆறாலும் கிளையை ஐந்தாலும் பெருக்கிக் கழிக்கும் முறையால் வரிசை எண்ணைக் கண்டு, பொருந்தக்கூடிய ஆண்டுகள் அனைத்தையும் அறுபது இடைவெளியில் எழுதி வைக்கவும். நான்கு, ஆட்சிப் பெயராலோ ஆயுட்காலத்தாலோ அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவும். ஐந்து, நிகழ்ச்சி ஆண்டின் முதலிரு மாதங்களைச் சேர்ந்ததாயின், புத்தாண்டு நாளைப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டா. இரண்டாம் சாட்சி கிடைக்காதவிடத்து, பொருந்தும் ஆண்டுகள் இரண்டையோ மூன்றையோ அப்படியே எழுதிவிடுக; ஊகத்தால் ஒன்றைத் தேர்ந்து உறுதிபோல் எழுதுவதை விட அதுவே நேர்மையான கணக்கு.